ஹிபாவுக்கு விற்றமின் கொடுத்த நாட்கள்

ஜனவரி 16, வியாழன்

காற்று கடல் பக்கமிருந்து. யன்னல் எல்லாம் பூட்டு. பக்கத்து வளவில் கூனி காயப்போட்டிருக்கிறார்கள். பொடி இறால், பாய் பாயாக. அந்தத் தூள் காற்றில் எழும்பினால் முதல் விருந்தாளியாக எங்கள் வீட்டுக்குத்தான் வரும். கதவிடுக்கில் ஈரத்துணி வைத்தேன். பிறகு பள்ளிக்கூடம். எட்டாம் வகுப்புக்கு விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டே காது போனில்.

பின்னேரம் கிளினிக். ஹிபாவின் இரத்தப் பரிசோதனை வந்துவிட்டது. விற்றமின் டி குறைவு. கொஞ்சமல்ல, நன்றாகக் குறைவு. டொக்டர் இளம் பெண், சிங்களவர், தமிழ் பழகியிருக்கிறார். கடுதாசியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நீங்க எந்த ஊர்?"

"கண்டக்குழி."

"அங்க வெயில் இல்லையா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மகளை வெளியே விடுவதில்லை என்றேன். ஏன் என்று கேட்டார். போன வருஷம் கலியாண வீட்டில் ஒரே ஒரு இறால் தின்று, முகம் வீங்கி, உதடு நீலமாகி, என் மடியில் மூச்சு நின்ற கதையைச் சொன்னேன். அன்றிலிருந்து கடல் சாமான் எதுவும் எங்கள் வீட்டுப் படி ஏறக் கூடாது. மீனவன் வீட்டில் இப்படி ஒரு சட்டம். என் கணவர் நவ்பர் மீனை வாடியிலேயே விற்று, அங்கேயே குளித்து, உடுப்பு மாற்றித்தான் வருவார். வாடி என்றால் கரையில் மீன்பிடிப் போட்டையும் வலையையும் வைக்கிற கொட்டில். மூச்சிழுக்கிற முட்டு பிறந்ததிலிருந்தே இருப்பதால் ஹிபா அதை இன்னும் கண்ணால் கண்டதில்லை. வயது ஐந்து.

டொக்டர் சொன்னவை (மறக்க முன் எழுதுகிறேன்):
– சொட்டு மருந்து, தினம் ஒரு தடவை. எழுதிக் கொடுத்த அளவு மட்டும்.
– காலை வெயிலில் கொஞ்சம் விளையாட விட வேண்டும்.
– இது அலர்ஜிக்கு மருந்தல்ல, குறைவை நிரப்புவது மட்டும். முட்டுக்கும் உதவினால் நல்லது.
– இறால், நண்டு விலக்கு அப்படியே. அலர்ஜி வந்தால் உடனே குத்துகிற ஊசிப் பேனை எப்போதும் கையோடு.

பேனை கைப்பையில் இருக்கிறது. கட்டாரிலிருந்து தம்பி அனுப்பியது. ஒரு நாளில் எத்தனை தடவை தொட்டுப் பார்க்கிறேன் என்று எனக்கே தெரியாது.

வெயிலில் விடு என்கிறார். வெயிலில்தானே கூனியும் காய்கிறது.

ஜனவரி 19, ஞாயிறு

வெயில், காற்றில்லை. தேங்காய் இரண்டு, பருப்பு, சவர்க்காரம் வாங்க வேண்டும். கேஸ் முடியப் போகிறது.

முழுக் காலையும் போனில் வாசித்தேன். வெட்கமாக இருக்கிறது, இத்தனை வருஷம் விற்றமின் டி என்றால் எலும்பு, பல், அவ்வளவுதான் என்று படிப்பித்திருக்கிறேன். அது ஓமோன் மாதிரி வேலை செய்கிறதாம். உடம்பின் கலத்துக்குள் போய், பூட்டில் சாவி மாதிரி, தனக்கென்று இருக்கிற வாங்கியில் உட்காருகிறது. அந்த வாங்கி தனியே போகாது, ஒரு துணை வேண்டும். இரண்டும் சோடியாகக் கலத்தின் கருவுக்குள் பரம்பரையலகின் மேல் இருந்து, இதைத் திற, அதை மூடு என்று சொல்கின்றன. நோயை எதிர்க்கிற நிர்ப்பீடனக் கலங்களுக்குள்ளும் இதே வாங்கி. இறாலைக் கண்டு கூச்சல் போடுகிற கலங்களை அடக்கி, சமாதானம் பேசுகிற கலங்களைக் கூட்டும் என்கிறார்கள். விற்றமின் 'ஏ'க்கும் இதே மாதிரி வேறொரு வாங்கி. துணை மட்டும் இரண்டுக்கும் பொது.

_ஆனால்_ எல்லா ஆராய்ச்சியும் ஒரே மாதிரிச் சொல்லவில்லை. குறைந்தால் கெடுதி. கூடினாலும் கெடுதி, அதிலும் ஏ மிகக் கெடுதி. உடம்பு அதை வெளியே தள்ளாது, ஈரலில் சேர்த்து வைக்கும்.

பின்னேரம் அவர் முற்றத்தில், இன்னும் கடலில் இறக்காத புது வலையைப் பின்னிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்து சொன்னேன். துணையைப் பற்றிச் சொன்னதும் உடனே பிடித்துக்கொண்டார்.

"ரெண்டு போட், ஓட்டிமார் ரெண்டு பேர், தொணைக்குப் போக ஒரே ஒரு ஆள் மாதிரி. அவன் ஏறாத போட் கரையிலயே நிக்கும்."

"ஓம், அதேதான்."

"அப்ப விற்றமின் உள்ளுக்குப் போய், இந்தச் சண்டைய நிப்பாட்டுமா?"

"நிப்பாட்ட உதவும் எண்டு செல்றாங்க."

அவர் ஊசியை வலையில் குத்திவிட்டு என்னையே பார்த்தார். நவ்பர் இப்படி என்னைக் கவனித்துக் கேட்டு எவ்வளவு காலம். அந்த 'ஆனால்' இருக்கிற பாதியைச் சொல்லத் தொடங்குவதற்குள் ஹிபா உள்ளேயிருந்து கூப்பிட்டாள், பென்சில் கட்டிலுக்குப் பின்னால் விழுந்துவிட்டதாம்.

ஜனவரி 22, புதன்

முட்டு. வாயில் அடிக்கிற பம்ப் இரண்டு தடவை. காற்று திரும்பவும் கடல் பக்கமிருந்து.

அவரோடு வாய்த்தர்க்கம். காற்றாடி இழுக்கும் பலகையில் கடலில் ஓடும் வெள்ளைக்காரர்கள் தங்கும் விடுதிக்கு மீன் கொடுக்கப் போனவர், ஒருவன் காலைச் சாப்பாட்டோடு மீன் ஈரல் எண்ணெய் குளிசை போடுவதைப் பார்த்திருக்கிறார்.

"விற்றமினுக்காம். காசு குடுத்து வாங்கி, டப்பாவில அடைச்சி, கப்பல்ல கொண்டு வந்து குடிக்கிறான். நம்மட வாடியில சுறா ஈரல் சும்மா கெடக்கு."

"வாடியிலயே கெடக்கட்டும். கடல் சாமான் இங்க வேணாம் எண்டு செல்லியிருக்கு."

"மீன் அவளுக்குப் பிரச்சின இல்ல, இறாலும் நண்டும்தான் எண்டு டொக்டரே செல்லினா."

"டொக்டர் வந்து இவள மடியில வெச்சிருக்கல்ல. நான் வெச்சிருந்தன்."

தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்து போனார். நான்தான் வென்றேன் என்று நினைக்கிறேன்.

சுறா எண்ணெய் என்றதும் சின்ன வயது ஞாபகம். வாடிக்குப் பின்னால் தகரத்தில் ஈரல் காய்ச்சுவார்கள். போட்டுக்கும் பூசுவார்கள், தேமலுக்கும் பூசுவார்கள், இருமல் என்றால் மூக்கைப் பிடித்து வாயிலும் ஊற்றுவார்கள். எல்லாம் ஒரே போத்தல்தான்.

பெப்ரவரி 1, சனி

நல்ல நாள். அப்படி எழுதவே பயமாக இருக்கிறது, கண் பட்டுவிடும்.

காற்று மாறிவிட்டது, தரைப் பக்கமிருந்து வீசுகிறது. இந்தக் கிழமை முட்டு இல்லை, பம்ப் தொடவில்லை. ஹிபாவைக் காலையில் பின் வளவில் விட்டேன், கையில் பேனையோடு நானும் பக்கத்தில். கோழியைத் துரத்தினாள். கன்னம் சிவந்துவிட்டது.

"உம்மா, வெயில் சுடுது."

"சுடட்டும், அது விற்றமின்."

அவர் படியில் இருந்து சிரித்தார். என்னைவிட அவருக்குத்தான் பெருமை, ஏதோ தானே செய்தது மாதிரி. நளீமாவும் (அவருடைய தங்கை, நான் பள்ளிக்குப் போனால் ஹிபாவைப் பார்ப்பவள்) அவரைப் பார்த்துத் தலையைக் குனிந்து சிரித்தாள். நல்ல பிள்ளைகள் இருவரும். அல்ஹம்துலில்லாஹ்.

சொட்டு மருந்துக்கு இவ்வளவு பலனா? விஞ்ஞான டீச்சர் கேட்கிறாள். உம்மா கேட்கவில்லை.

பெப்ரவரி 9, ஞாயிறு

ஹிபாவின் உதடு வெடித்திருக்கிறது, ஓரத்தில் இரத்தம். உள்ளங்கையில் தோல் உரிகிறது, பாம்புச் சட்டை மாதிரி மெல்லிசாக. தேங்காயெண்ணெய் பூசினேன். எரிகிறது என்று அழுதாள்.

அலர்ஜி. வேறென்ன. எங்கிருந்தோ உள்ளே வந்துவிட்டது.

நேற்றுத் தின்றவை: பாண், பருப்பு, முட்டை, சோறு, பூசணி, பேரீச்சம்பழம், பால். முந்தாநாள்: இடியப்பம், சொதி, வாழைப்பழம், பேரீச்சம்பழம். ஒன்றிலும் பிழையில்லை.

நளீமாவை அடுப்படிக்குக் கூப்பிட்டேன். அவளுடைய கையைப் பிடித்து மணந்து பார்த்தேன். இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் செய்தேன். மீன் வாடை இருந்தது.

"என்னத்தக் குடுத்த இவளுக்கு?"

"நான் இறால் தொடல்ல மதினி. குர்ஆன்ல கை வெச்சிச் சத்தியம் பண்ணுவன்."

"அப்ப இந்த வாட?"

அழத் தொடங்கிவிட்டாள். அவர் வந்து நடுவில் நின்றார், தங்கைக்காகக் கோபப்படுவார் என்று பார்த்தேன். கோபப்படவில்லை. "உடு, உடு" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். இந்த வீட்டில் எல்லோரும் எனக்குப் பயந்து நடக்கிறார்கள். நான் இறாலுக்குப் பயந்து நடக்கிறேன்.

பெப்ரவரி 15, சனி

தலையிடி என்கிறாள். காலையில்தான் கூட. எழும்பியதும் வாந்தி, பிறகு கொஞ்சம் சரி. சீப்பில் முடி, வழமையைவிட அதிகம்.

காய்ச்சல் இல்லை. முட்டு இல்லை. தடிப்பு இல்லை. எனக்குத் தெரிந்த எந்த அலர்ஜியும் இப்படி இல்லை. தெரிந்ததுக்குப் பயப்படுவது ஒரு மாதிரி, தெரியாததுக்குப் பயப்படுவது இன்னொரு மாதிரி. முன்பு எங்கே பார்க்க வேண்டும் என்றாவது தெரியும்.

இங்குள்ள மருந்துக்கடைக்காரர் வயிற்றுக் கோளாறு என்று குளிசை தந்தார். செவ்வாய் கிளினிக் இருக்கிறது. அதுவரை பார்ப்போம் என்றார் நவ்பர். முகம் சரியில்லை அவருக்கும். சோறு பாதி வைத்துவிட்டு எழுந்தார்.

மஃரிபுக்குப் பிறகு நீண்ட நேரம் தொழுகைப் பாயிலேயே இருந்தார். பக்கத்தில் போனால் கண்ணைத் துடைக்கிறார்.

பெப்ரவரி 18, செவ்வாய்

கிளினிக் நடக்கவில்லை, டொக்டர் லீவாம். வியாழக்கிழமை வரச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஆட்டோவில் திரும்பி வரும்போது ஹிபா என் தோளில் சாய்ந்து கண்ணை மூடியே வந்தாள். வெளிச்சம் குத்துகிறதாம்.

வீட்டுக்கு வந்ததும் கைப்பையைத் திறந்து பேனையை எடுத்து மேசையில் வைத்தேன். எதற்கு? வாந்திக்கும் தலையிடிக்கும் இதைக் குத்த முடியாது என்று தெரியும். வேறு ஆயுதம் கையில் இல்லை, அதுதான்.

பெப்ரவரி 20, வியாழன்

ஆஸ்பத்திரி வாங்கில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதாவிட்டால் கத்திவிடுவேன்.

காலை. ஹிபா மேசையில், முன்னால் பால்கோப்பை. அவர் கடலால் வந்து குளித்துவிட்டு வாசலில் நின்றார். ஹிபா நிமிர்ந்து பார்த்தாள்.

"உம்மா, வாப்பா ரெண்டு பேர் வந்திரிக்காங்க."

விளையாட்டு என்று நினைத்தேன். "அப்ப ரெண்டு பேருக்கும் ஸலாம் செல்லு" என்றேன். சொன்னாள். ஒரு ஸலாம் அவருக்கு, ஒரு ஸலாம் அவருக்குப் பக்கத்தில் இருந்த சுவருக்கு. பிறகு கோப்பையை எடுக்கக் கை நீட்டினாள். கை கோப்பைக்குப் பக்கத்தில் வெறும் காற்றைப் பிடித்தது. திரும்பவும் பிடித்தது. வலக் கண் உள்பக்கமாகத் திரும்பி மூக்கைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அவர் கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நிறம் செத்துவிட்டது.

"ரிஸ்னா, நான் ஒண்டு செல்லணும்."

அலுமாரிக்கு மேல், பழைய சூட்கேசுக்குப் பின்னாலிருந்து ஒரு சோடாப் போத்தலை எடுத்தார். பாதிக்கு மேல் வெறுமை. மஞ்சள் எண்ணெய். மூடியைத் திறக்கவே தேவையில்லை, வாடை தெரிந்தது.

சுறா ஈரல் எண்ணெய். தானே காய்ச்சி, தானே வடித்தது. நான் பள்ளிக்கூடம் போனதும், தேனில் கலந்து, வாடை தெரியாமல் இருக்கப் பேரீச்சம்பழத்தோடு, தினம் ஒரு பெரிய கரண்டி. சொட்டு மருந்து கிளினிக்கில் வாங்கிய நாளின் அடுத்த கிழமையிலிருந்து. நளீமாவிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார்.

"சொட்டு சொட்டாக் குடுக்கிறத்த விட இது நல்லதெண்டு நெனச்சன். கலப்பில்லாத சாமான். முட்டும் நிண்டிச்சே."

பிள்ளையையும் போத்தலையும் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

இங்கே டொக்டர் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். இன்னொருவரைக் கூப்பிட்டார். அவரும் பார்த்தார். தங்களுக்குள் சிங்களத்தில் பேசினார்கள், எனக்கு விளங்காது என்று நினைத்து. எனக்கு நன்றாக விளங்கும். கண்ணுக்குப் பின்னால் நரம்பு வீங்கியிருக்கிறது. தலைக்குள் கட்டி இல்லையென்று உறுதிப்படுத்த வேண்டும். அம்புலன்ஸில் பெரிய ஆஸ்பத்திரிக்கு.

கட்டி. யா அல்லாஹ். எண்ணெயாகவே இருக்கட்டும். எண்ணெயாகவே இருக்கட்டும்.

பெப்ரவரி 21, வெள்ளி

சிறுவர் வார்ட். உம்மாமார் மட்டும் தங்கலாம். வாப்பாமார் பார்வையாளர் நேரத்தில் வந்து போக வேண்டும். அவர் வெளியே வேப்பமரத்தடியில் சாரத்தை விரித்துப் படுத்திருக்கிறாராம், காவலாளி சொன்னார்.

ஸ்கேன் முடிந்தது. முடிவு நாளை. பக்கத்துக் கட்டில் பெண் முன்னேஸ்வரத்துப் பக்கம், மகனுக்கு டெங்கு. என்னைப் பார்த்து, "தண்ணி குடிங்கோ அக்கா, நீங்க விழுந்தா பிள்ளையை யார் பாக்கிறது" என்றாள். குடித்தேன்.

ஹிபா கேட்கிறாள், ஏன் இரண்டு லைட், ஏன் இரண்டு நர்ஸ். ஒவ்வொரு தடவையும் "அப்படியா?" என்று கேட்டுச் சிரிக்கிறேன். கழிவறைக்குப் போய்த் துண்டைக் கடித்துக்கொண்டு அழுகிறேன். திரும்பி வந்து சிரிக்கிறேன்.

பெப்ரவரி 22, சனி

கட்டி இல்லை. அல்ஹம்துலில்லாஹ். கட்டி இல்லை.

பெரிய டொக்டர் இருவரையும் கூப்பிட்டார். வயதானவர், பொறுமையானவர். போத்தலைத் திறந்து மணந்து, மூடி, மேசையில் வைத்தார். மூளையைச் சுற்றி இருக்கிற நீரின் அழுத்தம் ஏறியிருக்கிறது, அதுதான் கண் நரம்பை அமுக்குகிறது. விற்றமின் ஏ அளவு மீறினால் இப்படி வரும். தோல் உரிந்தது, முடி கொட்டியது, உதடு வெடித்தது, எல்லாம் அதேதான். சுறா ஈரலில் ஏ மலைபோல் இருக்கும். டி எவ்வளவு இருக்கும் என்று யாருக்கும் தெரியாது, ஒவ்வொரு சுறாவுக்கும் ஒவ்வொரு மாதிரி.

நவ்பர் கேட்டார்: "அப்ப முட்டு கொறஞ்சது, சேர்?"

"காத்து மாறினதாலயும் இருக்கலாம். சொட்டு மருந்தாலயும் இருக்கலாம். ஒண்டு சொல்றன் தம்பி, ரெண்டு விற்றமினுக்கும் கலத்துக்குள்ள துணை ஒண்டுதான். ஏ அளவுக்கு மிஞ்சி வந்தா அந்தத் துணையைத் தன்னோட இழுத்துக்கொண்டு போயிடும். டி போக ஆள் இல்லாமல் நிக்கும். நல்லது செய்யப்போய் அதையும் தடுத்திருக்கலாம்."

நவ்பர் திரும்பி என்னைப் பார்த்தார். போட்டை நினைக்கிறார் என்று தெரிந்தது. கரையில் நிற்கிற மற்றப் போட்டை.

"பார்வை?" இது நான்.

"பெரும்பாலும் திரும்பி வரும். முதுகில ஊசி போட்டு அழுத்தத்தைக் குறைப்பம். மருந்து இருக்கு. பொறுங்கோ."

பெரும்பாலும். பெரும்பாலும். பெரும்பாலும். அந்தச் சொல்லை எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் அடியில் ஒரு ஓட்டை.

முதுகில் ஊசி போடும்போது ஹிபாவை வளைத்துப் பிடித்திருக்க வேண்டும், நெற்றி முழங்காலில் படும்படி. நான் பிடித்தேன். அவளுடைய இதயம் என் உள்ளங்கையில் அடித்தது. அலறினாள். நான் கை விடவில்லை.

பெப்ரவரி 23, ஞாயிறு

பார்வையாளர் நேரத்துக்குப் பிறகு வாசல் வாங்கில் அவரோடு. முதல் தடவையாகப் பேசினேன். மூன்று நாள் அடக்கி வைத்ததெல்லாம் வந்தது. கொலைகாரன் என்றுகூடச் சொன்னேன். ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் குனிந்து கேட்டுக்கொண்டே இருந்தார்.

"ஏன் எனக்குச் செல்லல்ல?"

"செல்லியிருந்தா நீ உட்டிருப்பியா?"

"இல்ல."

"அதான்." சாரத்தின் நுனியை முறுக்கிக்கொண்டே, "நீதானே செல்லின, அது உள்ளுக்குப் போய்ச் சண்டைய நிப்பாட்டும் எண்டு. நான் கடல்ல போகக்குள்ள எல்லாம் அதையே நெனச்சிக்கிட்டிருந்தன். எப்படியாவது இவள வாடிக்குக் கூட்டிக்கொண்டு போகணும். நம்மட போட்டக் காட்டணும். அவ்வளவுதான் ரிஸ்னா."

எனக்குக் கோபம் போகவில்லை. இப்போதும் போகவில்லை. ஆனால் அவருடைய கையைப் பார்த்தேன். வலைக் கயிறு அறுத்த தழும்புகள், அதில் எண்ணெய்க் கரண்டி. ஒவ்வொரு நாளும் அளந்து, தேன் விட்டு, பிஸ்மி சொல்லித்தானே கொடுத்திருப்பார். எதிரி கொடுத்திருந்தால் வெறுக்க எவ்வளவு சுகம்.

நான் சொல்லாத மறுபாதி, அந்த 'ஆனால்', இந்தக் கொப்பியில் இருக்கிறது, கோடு போட்டு. புரட்டிப் பார்த்தேன். மூடிவிட்டேன்.

நளீமா போன் எடுத்தாள். அழுகைதான் கேட்டது. "பொறவு பேசுவம், கோழிக்குத் தீன் போடு" என்றேன்.

பெப்ரவரி 26, புதன்

தலையிடி குறைவு. வாந்தி இல்லை. டி கூடிவிட்டதா என்று பார்த்த கால்சியம் சரியாம். பாதிப் பாண் தின்றாள், ஜாமோடு.

கண் அப்படியே. ஒரு கண்ணை மூடி ஒட்டுப் போட்டுவிட்டார்கள், மாறி மாறி. ஒரு கண்ணால் பார்த்தால் இரண்டாகத் தெரியாது. நல்லதுதானே என்றால், இவள் பார்வையாளர் நேரம் வந்ததும் ஒட்டைப் பிய்க்கிறாள்.

"ஏன்டா கழட்டுற?"

"கண்ணப் பொத்தினா ஒரு வாப்பா போயிடுறார் உம்மா. ரெண்டு பேரும் நிக்கட்டும்."

அவர் கட்டில் ஓரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். சிரிக்கப் பார்த்தார், முகம் கோணிப் போனது. போகும்போது ஹிபா எப்போதும் இரண்டு முத்தம் காற்றில் விடுகிறாள், ஆளுக்கொன்று.

அவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்: விரலைக் காட்டி எத்தனை என்று கேட்கக் கூடாது. கேட்டால் பதில் வரும். எனக்குப் பதில் வேண்டாம், இன்னும் கொஞ்ச நாளைக்கு.

மார்ச் 2, ஞாயிறு

முதல் நோன்பு. விடியுமுன் ஸஹருக்கு வார்ட் பெண்கள் நாலு பேர் சேர்ந்து பாணும் வாழைப்பழமும். முன்னேஸ்வரத்துப் பெண் தன் பிளாஸ்க் தேத்தண்ணீரை எங்களுக்கு ஊற்றினாள். மகன் தேறிவிட்டான், நாளை வீட்டுக்குப் போகிறாள்.

கண் டொக்டர் பார்த்தார். வீக்கம் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. கொஞ்சம். கண் நரம்பில் நிரந்தரமாக ஏதும் நடந்திருக்கிறதா என்று இப்போது சொல்ல மாட்டாராம்.

பெரிய டொக்டரிடம் கேட்டேன், இனி விற்றமின் டி கொடுக்கவே கூடாதா. ஏ இறங்கி, பரிசோதித்த பிறகு, திரும்பவும் அதே சொட்டு, அதே அளவு என்றார். குறைவு குறைவுதானாம். பிறகு, தான் எழுதுகிற பேனையைக் கையில் திருப்பிக்கொண்டே:

"வெயில்ல விடுங்கோ டீச்சர். வெயிலை யாரும் கரண்டியில ஊத்தி அளவு மீற ஏலாது."

வீட்டை நினைத்தேன். பூட்டிய யன்னல்கள், கதவிடுக்கில் ஈரத்துணி. காற்று தரைப் பக்கமிருந்து வீசுகிற மாதங்களிலும் நான் திறந்ததில்லை. கூனி காய்வது உண்மை. என் மடியில் மூச்சு நின்றதும் உண்மை. இரண்டையும் வைத்துக்கொண்டு எந்த யன்னலைத் திறப்பது, எப்போது திறப்பது. இன்னும் பயமாகத்தான் இருக்கிறது.

மார்ச் 6, வியாழன்

மழை வரும் போலிருக்கிறது. கழுவிய துணி காயவில்லை. ஹிபாவின் நீலச் சட்டை, துவாய், என் முக்காடு. சவர்க்காரம் முடிந்தது.

ஒட்டு மாற்றும் நேரம் தப்பிப் போனது, நர்ஸ் வேறு கட்டிலில். ஹிபா இரண்டு கண்ணும் திறந்தபடி படம் கீறிக்கொண்டிருந்தாள். கோடுகள் வழமைபோல் ஒன்றின் மேல் ஒன்று ஏறவில்லை. கவனித்தேன். கவனிக்காத மாதிரி இருந்தேன்.

ஐந்து மணிக்குப் பார்வையாளர். அவர் வந்தார், கையில் நோன்புக் கஞ்சி பிளாஸ்க். மரத்தடியில் யாரோ பள்ளிவாசல் ஆட்கள் கொடுத்ததாம். கட்டில் கால்மாட்டில் எப்போதும் நிற்கிற இடத்தில் நின்றார். எப்போதும் போல இரண்டு பக்கமும் கொஞ்சம் இடம் விட்டு.

ஹிபா நிமிர்ந்தாள். அவரைப் பார்த்தாள். அவருக்குப் பக்கத்தில் பார்த்தாள். திரும்ப அவரைப் பார்த்தாள். நான் சட்டைத் துணியை இரண்டு கையாலும் பிழிந்துகொண்டு நின்றேன்.

"வாப்பா," என்றாள், முகத்தைச் சுளித்துக்கொண்டு, "மத்த வாப்பாவ எங்க உட்டுட்டு வந்தீங்க?"